எம்மெட் டில் கொலையும் சம்னர் என்ற சிற்றூரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1955 ஆகஸ்டு மாதக் கடைசியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். கொன்றவர்கள் வெள்ளையர்கள். அடுத்த மாதமே சம்னர் என்ற சிற்றூரின் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. சிறுவனின் கதையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். அந்த ஊர் என்ன செய்தது, பிறகு அதைச் சுமந்துகொண்டு எப்படி வாழ்ந்தது என்பது குறைவாகவே பேசப்படுகிறது. எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்கின்றன என்பதால் அதற்கே இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

எம்மெட் டில் யார்? மிசிசிப்பிக்கு ஏன் போனான்?

சிகாகோவில் வளர்ந்த பிள்ளை. 1941 ஜூலை 25 அன்று பிறந்தவன். சிறு வயதில் போலியோ தாக்கியதால் பேச்சில் திக்கல் உண்டு. அப்பா லூயிஸ் டில் ராணுவத்தில் இருந்தபோதே 1945-இல் இறந்துபோனார். அம்மா மேமிக்கு இவன் ஒரே மகன்.

அந்தக் கோடை விடுமுறையில் மிசிசிப்பியிலிருந்து மோஸ் ரைட் சிகாகோ வந்திருந்தார். எம்மெட்டின் பாட்டியுடைய சகோதரியை மணந்தவர். அவனுக்குத் தாத்தா முறை. வார நாட்களில் விளைச்சலில் நில உரிமையாளருக்குப் பங்கு கொடுத்துப் பருத்திச் சாகுபடி, ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பிரசங்கம் என்று வாழ்ந்தவர். அவரோடு போகிறேன் என்று எம்மெட் பிடிவாதம் பிடித்தான். தெற்கே வெள்ளையர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மேமி அவனுக்குப் பாடம் நடத்தி அனுப்பினார். தேவைப்பட்டால் மண்டியிட்டுத் தலைகுனியவும் தயங்காதே என்றார். புறப்படும்போது அப்பாவின் வெள்ளி மோதிரம் அவன் விரலில் இருந்தது. அதில் எல், டி என்ற இரண்டு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. பின்னால் அந்த உடல் யாருடையது என்று சொன்னது அந்த மோதிரம்தான்.

மளிகைக் கடையில் உண்மையில் என்ன நடந்தது?

மனி என்ற சிறு குடியிருப்பில் ராய் பிரயண்ட் என்பவரின் மளிகைக் கடை இருந்தது. ஆகஸ்டு 24 மாலை எம்மெட் உறவுப் பிள்ளைகளோடு அங்கே போனான். கடையில் இருந்தவர் ராயின் மனைவி, 21 வயது கரோலின் பிரயண்ட். எம்மெட் உள்ளே தனியாக இருந்தது மிகச் சிறிது நேரம். பபிள்கம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். பின்னாலேயே கரோலினும் வெளியே வந்தபோது அவன் விசில் அடித்தான் என்று உடனிருந்த வீலர் பார்க்கரும் சிமியோன் ரைட்டும் எப்போதும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

அவன் தன் கையைப் பிடித்தான், இடுப்பைப் பற்றினான் என்று கரோலின் நீதிமன்றத்தில் சொன்னார். அதை நீதிபதி, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்களான ஜூரிகளை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்டார். வழக்குக்குப் பொருந்தாதது என்று ஒதுக்கியும் வைத்தார். பிள்ளைகள் அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை.

விசில் அடித்தானா இல்லையா என்பதையே எழுபது ஆண்டுகளாகத் துருவுகிறார்கள். எனக்கு அது வேதனையாக இருக்கிறது. அடித்திருந்தாலும் அவன் பதினான்கு வயதுப் பையன்.

கொலை எப்படி நடந்தது?

சுருக்கமாகவே சொல்கிறேன். ஆகஸ்டு 28 பின்னிரவில் ராய் பிரயண்டும் ஒரே தாய்க்கு வேறு தந்தையிடம் பிறந்த அவருடைய அண்ணன் ஜே. டபிள்யூ. மைலமும் மோஸ் ரைட்டின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மைலமின் ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் டார்ச் விளக்கு. தூங்கிக்கொண்டிருந்த பையனை எழுப்பிக் கொண்டுபோனார்கள். போகுமுன் மைலம் கிழவரிடம் வயதைக் கேட்டார். அறுபத்துநான்கு என்றார் மோஸ். எங்களில் யாரையாவது அடையாளம் சொன்னால் அறுபத்தைந்தைப் பார்க்க மாட்டாய் என்று மைலம் மிரட்டினார். இந்த மிரட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரூ என்ற ஊருக்கு அருகே ஒரு கொட்டகையில் வைத்து அடித்தார்கள். சுட்டுக் கொன்ற பின், பருத்தி ஜின்னிங் ஆலையில் கழித்துப்போட்ட முப்பது கிலோவுக்கும் அதிகமான இரும்பு விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டி ஆற்றில் தள்ளினார்கள். மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 31 அன்று, டல்லஹாச்சி ஆற்றில் மீன் பிடிக்கப் போன ஒரு பையன் கண்ணில் உடல் பட்டது.

கடை மனியில், கொட்டகை ட்ரூவில். சம்னருக்கு என்ன சம்பந்தம்?

மூன்றும் வெவ்வேறு கவுன்ட்டிகளில் இருக்கின்றன. கவுன்ட்டி என்பதை ஒரு சிறிய மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். உடல் கிடைத்த இடம் தங்கள் டல்லஹாச்சி கவுன்ட்டியில் வருகிறது என்று அதன் காவல் தலைவரான ஷெரீப் எச். சி. ஸ்ட்ரைடர் முந்திக்கொண்டு வழக்கை எடுத்துக்கொண்டார். அந்தக் கவுன்ட்டிக்கு இரண்டு தலைமையிடங்கள். அவற்றில் ஒன்று சம்னர்.

பருத்தி வயல்களுக்கு நடுவே, ஐந்நூற்றுச் சொச்சம் பேர் வாழ்ந்த ஊர். நடுவில் சதுக்கம், சதுக்கத்தில் மணிக்கூண்டு வைத்த செங்கல் நீதிமன்றம், சுற்றிலும் கடைகள். நீதிமன்றப் புல்வெளியில் கறுப்பரை அடிமைகளாக வைத்திருக்கப் போரிட்ட தென்மாநிலப் படைவீரனின் சிலை. ஊர் எல்லையில் ஒரு பலகை. ‘ஆண்பிள்ளையை வளர்ப்பதற்கு ஏற்ற ஊர்’ என்று அதில் எழுதியிருந்தது. வழக்குக்காக வந்த பத்திரிகையாளர்கள் ஊருக்குள் நுழையும்போதே அதைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள்.

மேமி ஏன் சவப்பெட்டியைத் திறந்து வைத்தார்?

உடலை உடனே மிசிசிப்பியிலேயே புதைத்துவிட ஸ்ட்ரைடர் ஏற்பாடு செய்தார். குழியும் வெட்டத் தொடங்கிவிட்டார்கள். மேமி விடவில்லை, மகனைச் சிகாகோவுக்குக் கொண்டுவரச் செய்தார். பெட்டியைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அது ரயிலில் வந்தது. அவர் திறந்தார். பாதத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி அங்குலம் அங்குலமாகப் பார்த்து, இது என் பிள்ளைதான் என்று உறுதி செய்தார்.

முகத்தைச் சீர் செய்யவும் அவர் சம்மதிக்கவில்லை. என் பிள்ளைக்கு என்ன செய்தார்கள் என்று உலகம் பார்க்கட்டும் என்றார். சிகாகோவின் ராபர்ட்ஸ் டெம்பிள் தேவாலயத்தில் பல்லாயிரம் பேர் வரிசையில் நின்று பார்த்தார்கள். கறுப்பர்களின் வார இதழான ‘ஜெட்’ அந்தப் படத்தை வெளியிட்டது. ஒரு தாய் தன் துக்கத்தை நான்கு சுவருக்குள் வைத்துக்கொள்ள மறுத்தார். மறுத்திருக்காவிட்டால் அந்தப் பருத்திக்காட்டில் பெயரில்லாமல் புதைந்த பலரில் இவனும் ஒருவனாகியிருப்பான்.

ஜூரியில் ஒரு கறுப்பர்கூட ஏன் இல்லை?

ஜூரிகளை வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். கவுன்ட்டி மக்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் கறுப்பர்கள். ஆனால் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. எழுத்துத் தேர்வு, தலைவரி, மிரட்டல் என்று எல்லா வாசலையும் அடைத்து வைத்திருந்தார்கள். அதே ஆண்டு மே மாதம், கறுப்பர்களை வாக்காளர்களாகப் பதியச் செய்த ஜார்ஜ் லீ என்ற போதகரை பெல்சோனியில் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஆகஸ்டு 13 அன்று, எம்மெட் கொல்லப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பு, புரூக்ஹேவன் நீதிமன்றப் புல்வெளியிலேயே பட்டப்பகலில் லமார் ஸ்மித் சுடப்பட்டார். பெண்களும் அந்த மாநிலத்தில் அப்போது ஜூரியில் உட்கார முடியாது. ஆகவே பன்னிரண்டு வெள்ளை ஆண்கள்.

நீதிமன்றத்துக்குள் அந்த ஐந்து நாளும் எப்படி இருந்தது?

1955 செப்டம்பர் 19 முதல் 23 வரை வழக்கு நடந்தது. உடலைப் பிழியும் புழுக்கம். நீதிபதி கர்டிஸ் ஸ்வாங்கோ ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிக்கொள்ள அனுமதித்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களின் சிறுபிள்ளைகள் அப்பாக்களின் மடியிலும் நாற்காலிகளுக்கு இடையிலும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்கு ஓரமாக ஒரு சீட்டாட்ட மேசையை ஒதுக்கினார்கள். மிச்சிகனிலிருந்து வந்த சார்லஸ் டிக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். கறுப்பர் என்பதால் அவருக்கும் அதே மேசைதான். ஷெரீப் ஸ்ட்ரைடர் தினமும் அந்த மேசையைக் கடக்கும்போது இழிசொல்லைச் சொல்லி, சிரித்துக்கொண்டே வணக்கம் வைப்பார்.

செப்டம்பர் 21 அன்று மோஸ் ரைட் சாட்சி நாற்காலியில் ஏறினார். வெள்ளைச் சட்டை, கறுப்பு டை. அரசு வழக்கறிஞர் ஜெரால்டு சாத்தம், அன்றிரவு வந்தவரைக் காட்ட முடியுமா என்று கேட்டார். அறுபத்துநான்கு வயதுக் கிழவர் எழுந்து நின்று, கையை முழுவதுமாக நீட்டி மைலமைக் காட்டினார். பிறகு பிரயண்டை. நீதிமன்றத்துக்குள் படம் எடுக்கத் தடை இருந்தும் எர்னஸ்ட் விதர்ஸ் அந்தக் கணத்தைப் படம் பிடித்துவிட்டார். படத்தில் அந்தக் கை வளையாமல், கம்பியாக நிற்கிறது. அறுபத்தைந்தைப் பார்க்க மாட்டாய் என்று மிரட்டியவரை நோக்கித்தான் அது நீண்டிருந்தது. அந்த மிரட்டலுக்குப் பின் மூன்று வாரம் அவர் ஊரைவிட்டுப் போகாமல் காத்திருந்தார்.

மறுநாள் பதினெட்டு வயது வில்லி ரீட் வந்தான். கொட்டகையிலிருந்து அடி விழும் சத்தமும் அலறலும் கேட்டதாகவும், மைலம் இடுப்பில் துப்பாக்கியோடு வெளியே வந்து கிணற்றில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப உள்ளே போனதாகவும் சொன்னான். குரல் எழும்பவே இல்லை. சத்தமாகப் பேசும்படி நீதிபதி திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வயதில், அந்த ஊரில், அந்தக் கூட்டத்துக்கு நடுவே அவ்வளவாவது பேசினான்.

இப்படிப்பட்ட சாட்சிகள் தாமாக வந்துவிடவில்லை. கறுப்பர் உரிமைச் சங்கத்தைச் சேர்ந்த மெட்கர் எவர்ஸ், ரூபி ஹர்லி, அம்சி மூர் ஆகியோர் பருத்தி பொறுக்கும் கூலிகளைப் போல உடை உடுத்தி வயல் வயலாகப் போய்த் தேடிக் கண்டுபிடித்தார்கள்.

67 நிமிடத்தில் தீர்ப்பு வந்ததாமே?

வந்தது. குளிர்பானம் குடிக்க நிறுத்தியிருக்காவிட்டால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஒரு ஜூரி சொன்னார்.

வெளியே சொன்ன காரணம், ஆற்றில் கிடைத்தது எம்மெட்டின் உடல்தான் என்று நிரூபிக்கப்படவில்லை என்பது. அந்தக் காரணத்தைச் செய்துகொடுத்தவர் ஷெரீப். உடல் கிடைத்த அன்று, இரண்டு நாள் தண்ணீரில் கிடந்திருக்கும் என்றவர், சாட்சி நாற்காலியில் ஏறி, பத்து நாளாவது கிடந்திருக்கும், வெள்ளையரா கறுப்பரா என்றே தெரியவில்லை என்றார். அந்த உடலைத்தான் அவர் கறுப்பினச் சவ அடக்கக்காரரிடம் ஒப்படைத்திருந்தார். பெற்ற தாய் கூண்டேறி, என் மகன்தான் என்று சொன்னது எடுபடவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வு மாணவரிடம் ஜூரிகள் மனம் திறந்தபோது, உடல் எம்மெட்டுடையதுதான் என்பதில் தங்களுக்குச் சந்தேகம் இருந்ததாக அவர்கள் சொல்லவில்லை.

பையனைக் கடத்தியதை இருவருமே ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதற்காகவாவது தண்டனை கிடைக்கும் என்று பலர் நம்பினார்கள். நவம்பரில், மனி இருக்கும் கவுன்ட்டியின் தலைமையிடமான கிரீன்வுட்டில், வழக்குப் பதியலாமா என்று முடிவு செய்யக் கூடிய கிராண்ட் ஜூரி அந்தக் குற்றச்சாட்டைக்கூடப் பதிய மறுத்தது.

பிறகு கொலையாளிகளே ஒப்புக்கொண்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1956 ஜனவரியில் ‘லுக்’ இதழில், பணம் வாங்கிக்கொண்டு, கொன்றது நாங்கள்தான் என்று சொன்னார்கள். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை விசாரிக்க அமெரிக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இந்தக் கொலைக்காக ஒருநாள்கூடத் தண்டனை அனுபவிக்காமல் மைலம் 1980-இலும் பிரயண்ட் 1994-இலும் இறந்தார்கள்.

ஆனால் கறுப்பின மக்கள் தங்கள் தீர்ப்பை உடனே எழுதிவிட்டார்கள். பிரயண்ட் கடையின் வாடிக்கையாளர்கள் வயலில் வேலை செய்த கறுப்பர்கள்தான். ஒருவரும் அங்கே காலெடுத்து வைக்கவில்லை. சீக்கிரமே கடையை மூட வேண்டியதாயிற்று. மைலமின் நிலத்தில் வேலைக்கு ஆள் வரவில்லை. வழக்கின்போது தோள்கொடுத்த வெள்ளையர்களும், வாக்குமூலம் அச்சில் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார்கள்.

சாட்சி சொன்னவர்களுக்கு என்ன ஆயிற்று?

ஊரைவிட்டே போனார்கள். மோஸ் ரைட்டின் மனைவி எலிசபெத், பையனைக் கொண்டுபோன அந்த இரவே வீட்டைவிட்டுப் புறப்பட்டவர், அங்கே மறுபடி ஓர் இரவும் தங்கவில்லை. மோஸ் விளைந்து நின்ற பருத்தியை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு சிகாகோ போனார். வில்லி ரீடும் சிகாகோ போய் மனமுடைந்து மருத்துவமனையில் கிடந்தான். பெயரை வில்லி லூயிஸ் என்று மாற்றிக்கொண்டு மருத்துவமனை ஊழியராக வாழ்ந்தார். மணந்த மனைவியிடமே பல ஆண்டுகள் எதையும் சொல்லவில்லை. 2013-இல் இறந்தார்.

மெட்கர் எவர்ஸை 1963 ஜூனில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். கொன்றவனுக்குத் தண்டனை கிடைக்க 1994 வரை ஆயிற்று.

சம்னர்க்காரர்கள் எல்லோருமே கொடியவர்களா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

செய்தி வந்த முதல் நாட்களில் மிசிசிப்பி வெள்ளையர்களிலும் பலர் அதிர்ந்துதான் போனார்கள். மாநிலப் பத்திரிகைகள் கொலையைக் கண்டித்தன. குற்றவாளிகள் மீது வழக்கு நடக்கும் என்று ஆளுநர் ஹியூ வைட் உறுதி சொன்னார். சம்னர் வழக்கறிஞர்களும் முதலில் தயங்கினார்கள். பிறகு வடக்கிலிருந்து கண்டனங்கள் குவிந்தன. குழந்தைகளைக் கொன்றாவது வெள்ளையர் ஆதிக்கத்தைக் காப்பது என்று மிசிசிப்பி முடிவு செய்துவிட்டது என்றார் கறுப்பர் உரிமைச் சங்கத்தின் நிர்வாகச் செயலாளர் ராய் வில்கின்ஸ். அவ்வளவுதான், பேச்சு பையனை விட்டு ஊர் மானத்துக்குத் தாவிவிட்டது. வெளியூர்க்காரன் நம்மைப் பேசுவதா என்ற ஒற்றை எண்ணத்தில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சேர்ந்தார்கள். சம்னரில் வழக்கறிஞர்கள் ஐந்தே பேர். ஐந்து பேரும் கொலையாளிகளுக்காக ஆஜரானார்கள். கடைக் கல்லாக்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜாடிகளை வைத்து வழக்குச் செலவுக்குக் காசு சேர்த்தார்கள். சுமார் 10,000 டாலர் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது.

அந்த ஜாடிகளை நினைக்கும்போதுதான் எனக்கு மனம் ஆறுவதில்லை. பையனை அடித்தவர்கள் சிலர். விடுவிக்க அத்தனை பேரின் சில்லறை தேவைப்பட்டது. உப்பும் காப்பித்தூளும் வாங்க வந்தவர்கள், தம் பிள்ளைகளை நன்றாகவே வளர்த்தவர்கள், மீதிச் சில்லறையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள்.

மனசாட்சி உறுத்தியவர்களும் இருந்தார்கள். பருத்திப் பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த பெட்டி பியர்சன் என்ற வெள்ளைப் பெண் வழக்கு நடந்த நாட்களில் நீதிமன்றத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தவர். பார்த்ததை அவர் மறக்கவில்லை. முதுமையில், ஊர் மன்னிப்புக் கேட்ட குழுவுக்கு இணைத் தலைவராக இருந்தார்.

வழக்குக்குப் பின் ஊர் எப்படி இருந்தது?

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம் பழமொழி. சம்னர் தன் வாயைத் தானே மூடிக்கொண்டது, ஐம்பது ஆண்டு.

பத்திரிகைக்காரர்கள் போனார்கள், பருத்தி அறுவடை நடந்தது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வெள்ளையர்களுக்கு வெட்கமும் வீம்பும். கறுப்பர்களுக்கு அச்சம்: வேலை போகும், வீடு போகும், உயிரும் போகும். பையன்களை வெளியே அனுப்பும் தாய்மார்கள் மட்டும் கதவருகில் நிறுத்தி அந்தப் பெயரைச் சொல்லி அனுப்பினார்கள். ஊரில் பிறந்து வளர்ந்த சிலர், அப்படி ஒரு வழக்கு தங்கள் சதுக்கத்தில் நடந்ததையே பெரியவர்களான பிறகுதான் கேள்விப்பட்டார்கள். வழக்கின் எழுத்துப் பதிவுகூடக் காணாமல் போயிருந்தது. 2004-இல் மத்திய அரசு வழக்கை மீண்டும் கையில் எடுத்த பிறகுதான் எப்.பி.ஐ. ஒரு பிரதியைத் தேடிக் கண்டுபிடித்தது. மிசிசிப்பியில் எம்மெட்டுக்கு முதல் பொது நினைவுச்சின்னம் என்று ஏதாவது வந்ததே 2005-இல், ஒரு நெடுஞ்சாலைக்கு அவன் பெயர் சூட்டியபோது.

நாடு முழுவதும் அவன் பெயரால் கிளர்ந்தது. 1955 டிசம்பர் 1 அன்று மான்ட்கமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு எழுந்து இடம்விட மறுத்தபோது எம்மெட்டை நினைத்துக்கொண்டதாக ரோசா பார்க்ஸ் பிற்பாடு சொன்னார். சம்னர் மட்டும் பேசாமல் இருந்தது.

இன்று அங்கே முந்நூறு பேர் அளவில்தான் இருக்கிறார்கள். கொலைப் பழியால் ஊர் அழிந்தது என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. பருத்தி எடுக்க இயந்திரம் வந்ததும் அந்த வட்டாரத்துச் சிற்றூர்கள் எல்லாமே இப்படித்தான் தேய்ந்தன.

2007-இல் மன்னிப்புக் கேட்டது யார்?

அரசு அல்ல, கவுன்ட்டி மக்களே. அங்கே கவுன்ட்டி நிர்வாகக் குழுவின் தலைவரான முதல் கறுப்பர் ஜெரோம் லிட்டில். அவர் முயற்சியில் 2006-இல் எம்மெட் டில் நினைவுக் குழு அமைந்தது. ஒன்பது கறுப்பர், ஒன்பது வெள்ளையர். ஒரே ஊர்க்காரர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பேசுவது அதுவே முதல்முறை. ‘மன்னிப்பு’ என்ற சொல்லே பெரிய சண்டையானது. நான் செய்யாத தப்புக்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள் வெள்ளையர் சிலர். வருத்தம் என்ற சொல் போதுமா என்று பல வாரம் வாதாடினார்கள்.

2007 அக்டோபர் 2 அன்று அதே நீதிமன்றத்தின் முன்னால், எம்மெட்டின் உறவினர்கள் எதிரில் நிற்க, தீர்மானத்தைப் படித்தார்கள். இன நல்லிணக்கம் உண்மையைச் சொல்வதிலிருந்து தொடங்குகிறது என்று அது ஆரம்பித்தது. நீதி கொடூரமாகப் பிறழ்ந்தது என்று ஒப்புக்கொண்டது. உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் எங்கள் ஊரில் செய்யப்பட்டதற்காக ஆழ்ந்து வருந்துகிறோம் என்று குடும்பத்திடம் சொன்னது. மேமி இதைக் கேட்கவில்லை. 2003 ஜனவரியிலேயே அவர் இறந்துவிட்டார்.

இடிந்த கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டும் என்றுதான் மன்னிப்புக் கேட்டார்கள் என்கிறார்களே?

அதிலும் உண்மை உண்டு. கவுன்ட்டி ஏழை, நீதிமன்றம் பாழடைந்து கிடந்தது, எம்மெட்டின் வரலாற்றைச் சொன்னால்தான் அதைச் சீரமைக்க நிதி வரும் என்று தெரிந்தது. குழுவில் உட்கார்ந்த பலரை முதலில் அழைத்து வந்தது கட்டடம்தான். வந்தவர்கள் பேசினார்கள், கேட்டார்கள், சிலர் மாறினார்கள். எந்தக் காரணத்துக்காக வந்து உட்கார்ந்தாலும் சரி, உட்கார்ந்தார்களே என்று நான் நினைக்கிறேன்.

மாற்றம் ஒரே நாளில் வந்துவிட்டதாக எண்ணிவிடவும் கூடாது. அதே கவுன்ட்டியின் மற்றொரு தலைமையிடமான சார்ல்ஸ்டனில், உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் ஆண்டுமுடிவு நடன விழா வெள்ளையர்களுக்குத் தனியாக, கறுப்பர்களுக்குத் தனியாக நடந்துவந்தது. முதன்முதலாக ஒன்றாக நடந்தது 2008-இல். செலவை ஏற்றுக்கொண்டவர் அங்கே வசிக்கும் நடிகர் மார்கன் ஃப்ரீமன்.

நினைவுப் பலகையைச் சுட்டார்களாமே?

உடல் கரையேறிய இடமாகக் கருதப்படும் கிராபால் படகுத்துறையில் 2008-இல் பலகை வைத்தார்கள். அதே ஆண்டு யாரோ பிடுங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாவது பலகையைச் சுட்டுச் சல்லடையாக்கினார்கள். எண்ணிப் பார்த்தபோது 317 துளைகள். 2018-இல் வைத்த மூன்றாவது பலகை ஐந்து வாரத்துக்கு மேல் தாங்கவில்லை, அதையும் சுட்டார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் துப்பாக்கியோடு அதன் முன் நின்று சிரித்தபடி எடுத்துக்கொண்ட படம் 2019-இல் வெளியே வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் நான்காவதை வைத்தார்கள்: குண்டு துளைக்காத இரும்பு, இருநூறு கிலோவுக்கும் மேல் எடை, கண்காணிக்கக் கேமரா.

இறந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன ஒரு சிறுவனின் பெயரைத் தேடி, ஆற்றங்கரை மண்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டு போய்ச் சுட்டிருக்கிறார்கள்.

கரோலின் பிரயண்ட் மீது வழக்கே வரவில்லையா?

வரவில்லை. 2005-இல் எம்மெட்டின் உடலைத் தோண்டி எடுத்து மரபணுச் சோதனை செய்து, அது அவன்தான் என்று உறுதிப்படுத்தினார்கள். சம்னர் ஜூரிகள் சொன்ன காரணம் அறிவியல்படியும் பொய்யானது. ஆனாலும் 2007-இல் ஒரு கிராண்ட் ஜூரி கரோலின் மீது குற்றம் சாட்ட மறுத்தது. அவர் தன் பழைய வாக்குமூலத்தை மறுத்துப் பேசியதாக 2017-இல் செய்தி வந்தது. விசாரித்த மத்திய அரசின் நீதித்துறை அதை நிரூபிக்க முடியவில்லை என்று 2021 டிசம்பரில் கோப்பை மூடியது. 2022 ஜூனில் கிரீன்வுட் நீதிமன்றத்தின் நிலவறைப் பெட்டி ஒன்றில், 1955-இல் அவர் பெயரில் பிறப்பித்துக் கடைசிவரை நிறைவேற்றாமலே விட்ட பிடியாணை கிடைத்தது. அதற்குப் பிறகும் கிராண்ட் ஜூரி மறுத்தது. 2023 ஏப்ரலில், 88 வயதில் கரோலின் இறந்தார்.

சட்டத்தில் ஏதாவது மாறியதா?

கும்பல் கொலையை மத்தியக் குற்றமாக்கும் மசோதா முதன்முதலில் 1900-இல் வந்தது. நிறைவேறியது 2022 மார்ச்சில், எம்மெட் டில் பெயரில். அதிகபட்சத் தண்டனை 30 ஆண்டுச் சிறை. 2023 ஜூலை 25 அன்று, எம்மெட் இருந்திருந்தால் 82 வயது நிறையும் நாளில், சம்னர் நீதிமன்றமும் கிராபால் படகுத்துறையும் சிகாகோ தேவாலயமும் சேர்ந்து தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டன.

அங்கே போனால் என்ன பார்க்கலாம்?

மனியில் பிரயண்ட் கடை கூரை இடிந்து, கொடி படர்ந்து, சுவர் மட்டும் நிற்கிறது. பக்கத்திலிருக்கும் பழைய பெட்ரோல் நிலையத்தை மட்டும் பொதுப்பணத்தில் அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள். எம்மெட்டை முதலில் வைத்துப் புதைத்த சவப்பெட்டி இப்போது வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சம்னரில் சதுக்கத்தைப் பார்த்தபடி எம்மெட் டில் விளக்க மையம் இருக்கிறது. எதிரே நீதிமன்றம். மாடியில் உள்ள கூடத்தை 1955-இல் இருந்தபடியே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள்: பன்னிரண்டு பேரின் இருக்கைகள், நீதிபதியின் மேடை, மோஸ் ரைட் எழுந்து நின்ற இடம். அது இன்றும் இயங்கும் நீதிமன்றம். வழக்கு நடக்கும் நாளில் சுற்றிப் பார்க்க முடியாமல் போகலாம் என்பதால் மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது.